நீலகிரியிலிருந்து வலசைப் பறவைகள் கிளம்பும் காலம்: புதிதாகப் பார்க்க வருவோருக்கு ஒரு வழிகாட்டி

குளிர்காலத்தை நீலகிரியில் கழித்த பறவைகள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் முடிய ஒவ்வொன்றாக வடக்கே கிளம்புகின்றன. சில காஷ்மீருக்கு, சில இமயமலைச் சரிவுகளுக்கு, சில அதையும் தாண்டி மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும். அவற்றைப் பார்க்க வேண்டும், பார்த்ததை மற்றவர்களுக்கும் பயன்படும்படி பதிவுசெய்ய வேண்டும் என்று நினைக்கிறவருக்கு வேண்டிய தகவல் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. வண்டிக்கான பாஸைப் பற்றி ஒருவரிடம், காட்டு அனுமதியைப் பற்றி இன்னொருவரிடம், செயலியைப் பற்றி வேறொருவரிடம் என்று அலைந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. பறவைகள் கிளம்பும் காலமும் காட்டுத்தீக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் நீங்கள் வரும்போது வனத்துறையின் நடைபாதைகள் பலவும் மூடியிருக்கும். இது தெரியாமல் விடுதியில் அறை எடுத்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். ஆனால் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்கக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. சாலையோரச் சில்வர் ஓக் மரமும், தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஓடும் ஓடையும், சோலை எனப்படும் மலைக்காட்டின் வெளி ஓரமும் போதும். பயணத்தை இதை வைத்துத் திட்டமிடுங்கள்.

1. எந்த வாரம் வருவது

ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் மார்ச் இரண்டாம், மூன்றாம் வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். குளிர்காலப் பறவைகளில் அநேகம் அப்போது இங்கேயே இருக்கும். சிறகு மாற்றி முடித்து, பயணத்துக்கு முந்தைய புதுநிறத்தில் இருக்கும். சாம்பல் வாலாட்டியின் ஆணுக்குத் தொண்டை கறுத்து வருவதும் இப்போதுதான். குளிர்காலம் முழுக்கச் சுருக்கமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கதிர்க்குருவிகள் பாடவும் தொடங்கியிருக்கும்.

காஷ்மீர் ஈபிடிப்பானைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தள்ளிப்போடாமல் பிப்ரவரி பின்பாதியிலேயே வந்துவிடுவது நல்லது. ஏப்ரல் பிறந்தபின் அதை நம்பி வராதீர்கள்.

ஏப்ரல் பின்பாதியில் கூட்டம் கலைந்துவிடும். பழுப்புக் கீச்சான், பச்சைக் கதிர்க்குருவி போன்றவற்றில் சில தங்கியிருக்கும். பறவை எண்ணிக்கை குறைவு என்பதால் பலரும் இந்த நாட்களில் வருவதில்லை. என் கருத்தில் மிகவும் வேண்டியிருக்கும் பதிவுகள் இந்த நாட்களுடையவைதான். காரணத்தை ஏழாம் படியில் சொல்கிறேன்.

நாளில் எந்த நேரம் என்றால், விடிந்ததிலிருந்து ஒன்பதரை மணி வரை. ஏப்ரலில் பிற்பகல் பல நாட்கள் மூடுபனியிலும் கோடை மழையிலும் போய்விடும். மழை விட்ட மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள். பூச்சிகள் கிளம்பும், அவற்றின் பின்னால் பறவைகளும் வரும்.

2. இ-பாஸ், அடையாள அட்டை, தண்ணீர்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தேவை. 2025-ன் கோடை மாதங்களில் நாள் ஒன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. ஏப்ரல் சனிக்கிழமை ஒன்றில் வருவதாக இருந்தால், அறை கிடைத்த அன்றே பாஸும் எடுத்துவிடுங்கள்.

பாஸ் இலவசம். அரசு இணையதளத்தில் பெயர், வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பாஸே வேண்டாம். தனியாகவோ இருவராகவோ வருகிறவர்களுக்கு நான் சொல்வது, மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பஸ். மலையில் பறவை பார்ப்பது நடந்துதான். சொந்தக் கார் பெரும்பாலும் விடுதி வாசலில்தான் நிற்கும். இந்த விதிகள் நீதிமன்றத்தின் ஒவ்வொரு உத்தரவோடும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெகிழித் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். ஆதார் அட்டையின் நகல் ஒன்று பையிலேயே இருக்கட்டும். விடுதிக்கு மட்டுமல்ல, வனத்துறை அலுவலகத்திலும் தோட்ட அலுவலகத்திலும் கேட்பார்கள்.

3. காட்டு அனுமதி

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் நடப்பதற்கான விதிகள் கடுமையாயின. அந்தக் கடுமை நியாயமானது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். "அஞ்சு நிமிஷம்தான் சார், உள்ளூர்க்காரன் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

அனுமதியோடு நடக்க விரும்பினால், 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். ஊட்டியின் கெய்ர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை ஆகிய இரண்டும் அதிகம் ஏறாமல் நடக்கக்கூடிய பாதைகள், பறவைக்கும் நல்லவை. வழிகாட்டி உடன் வருவார், கட்டணத்தை இணையத்திலேயே செலுத்திவிடலாம். ஆனால் தீக்காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள். முன்பே திறந்தாலும் எளிய பாதைகளைத்தான் முதலில் திறப்பார்கள். ஆகவே மார்ச் பயணத்துக்கு இதை நம்பாதீர்கள். ஏப்ரல் பின்பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவலாஞ்சிப் பக்கம் போக நினைப்பவர்கள், கிளம்பும் அன்று காலையில் திறந்திருக்கிறதா என்று விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக முடியும். நடுநடுவே நிறுத்தி ஒரு மரத்தைக் கால் மணி நேரம் பார்க்க வழியில்லை. பறவைக்காக என்றால் அதற்கு அரை நாள் செலவழிப்பது வீண் என்பேன்.

4. எங்கே நிற்பது

கோத்தகிரியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் முதல் பரிந்துரை. ஊட்டியைவிட நெரிசல் குறைவு, அறை வாடகையும் பெரும்பாலும் குறைவு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உச்சிச் சோலையின் பறவைகளும் நடுச்சரிவின் பறவைகளும் அருகருகே கிடைக்கும். 116 ஹெக்டேர் பரப்புள்ள லாங்வுட் சோலை 2024-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் உள்ளே போக வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியே பொதுச்சாலையில் நின்றாலே கொடிக்கால் வாலாட்டியோ பழுப்பு ஈபிடிப்பானோ வரக்கூடும்.

குன்னூரில் சிம்ஸ் பூங்கா, ஊட்டியில் தாவரவியல் பூங்கா இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு உண்டு, அனுமதித் தொல்லை இல்லை. பூங்கா திறக்கும் நேரத்துக்குள் வெயில் ஏறியிருக்கும் என்பதுதான் குறை. விடியலில் வெளிச்சாலையில் ஒரு நடை, திறந்ததும் உள்ளே என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய மரங்களும் ஈர மண்ணும் இருக்கும் ஆளற்ற மூலைகளைத் தேடிப் போங்கள். மே மாத மலர்க் கண்காட்சி நெருங்க நெருங்கக் கூட்டம் தாங்காது.

தேயிலைத் தோட்டங்கள் தனியார் நிலம். தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு நடந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வண்டிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மருந்து தெளித்துக்கொண்டிருக்கும் பக்கம் போகாதீர்கள். ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) வழியாக நடக்கும்போது பைனாகுலரை வீடுகளின் பக்கம் திருப்ப வேண்டாம். யாராவது என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் நின்று சொல்லுங்கள், பைனாகுலரையும் கையில் கொடுங்கள். எந்தப் பறவை எந்த மரத்துக்கு வரும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். வெலிங்டன் ராணுவப் பகுதியிலும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றியும் பைனாகுலரையும் கேமராவையும் வெளியே எடுக்கவே கூடாது. பறவை பார்த்தேன் என்ற விளக்கம் அங்கே எடுபடாது. இன்னொன்று காட்டெருமை. கோத்தகிரி, குன்னூர் தேயிலைச் சரிவுகளில் விடியற்காலையில் அது நிற்பது சாதாரணம். தேயிலைச் செடியின் உயரத்துக்கு மேல் முதுகு மட்டும் கறுப்பாகத் தெரியும். மேலே மரத்தையே பார்த்துக்கொண்டு நடக்கிறவருக்கு அதுகூடத் தெரியாது. நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, பிறகு பைனாகுலரைத் தூக்குங்கள். இருள் பிரியும் முன் நடக்காதீர்கள். கரடியும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அது.

5. கருவிகளும் செலவும்

எட்டு மடங்கு பெரிதாக்கும், 40 அல்லது 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள பைனாகுலர். புதியதாக ஏழெட்டாயிரம் ரூபாயில் நல்லதே கிடைக்கும். பத்து மடங்கு வேண்டாம். கை நடுங்கும், கிளைக்குக் கிளை தாவும் கதிர்க்குருவியைப் பிடிக்க முடியாது. மலை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். தொடக்கத்திலேயே பெரிய கேமராவுக்குப் பணம் போடாதீர்கள். படம் எடுக்கும் அவசரத்தில் பறவையின் நடத்தை கண்ணில் படாமல் போகும்.

உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தினால் பேச்சை முன்பே தெளிவாக முடியுங்கள். சொல்லும் தொகை ஒரு ஆளுக்கா, குழுவுக்கா? வண்டி வாடகை சேர்ந்ததா? காலை மட்டுமா, முழு நாளா? பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் அவருக்கு உண்டா? உண்டு என்றால் வேறு ஆளைப் பாருங்கள். நீலகிரி சிரிப்பான், நீலகிரி ஈபிடிப்பான் போன்ற உள்ளூர்ப் பறவைகளுக்கு இது கூடு கட்டும் காலம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அவை கூட்டை விட்டு ஓடிவந்து கத்திக்கொண்டே இருக்கும். ஒரு படத்துக்காக அதைச் செய்யக் கூடாது.

6. எதைத் தேடுவது

முதல் நாளே எல்லாவற்றையும் அடையாளம் காண முயலாதீர்கள். சாம்பல் வாலாட்டியிலிருந்து தொடங்குங்கள். ஓடையோரத்திலும் ஈரச் சாலையிலும் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும். வயிறும் வாலடியும் மஞ்சள். அடுத்து நீலத்தலைப் பூங்குருவி. ஆணுக்கு நீலத்தலை, செம்மஞ்சள் வயிறு, சிறகில் வெள்ளைத் திட்டு. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். சரிவில் இறங்கிக் குன்னூருக்குக் கீழே போனால் ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் அந்தியில் கேட்கலாம்.

கதிர்க்குருவிகள்தான் புதியவர்களைத் திணறவைப்பவை. எல்லாமே விரல் நீளத்துக்குச் சற்று அதிகம், எல்லாமே பச்சையும் சாம்பலும். ஒரு சில்வர் ஓக்கின் அடியில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். "ச்சிவீ" என்று ஒரே மூச்சில் இரண்டசையாய்க் கூப்பிட்டால் அது பெரும்பாலும் பச்சைக் கதிர்க்குருவி. பிறகு கண்ணால் தேடுங்கள்: கண்ணுக்கு மேல் நீண்ட வெளிர்ப் புருவம், சிறகில் மெல்லிய ஒற்றைக் கோடு. குரல் கேட்காமல் நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். கைபேசியில் அரை நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொண்டால், பின்னால் தெரிந்தவர்களிடம் கேட்கலாம்.

காஷ்மீர் ஈபிடிப்பான் ஊட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலும் சோலை ஓரங்களிலும் தாழ்ந்த கிளையில் உட்காரும். வாலைச் சட்டென்று மேலே சுண்டும்; அப்போது வாலின் அடிப்பகுதியில் இருபுறமும் வெள்ளை தெரியும். ஆணுக்குத் தொண்டையிலிருந்து விலா வரை ஆழ்ந்த செம்மஞ்சள், அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு. அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்க்காமல் பெயரை எழுதிவிடாதீர்கள்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செயலி சொல்லிற்று, நான் பார்க்கவில்லை, கேட்டும் உணரவில்லை என்றால் அந்தப் பெயர் பட்டியலில் ஏறக் கூடாது.

7. பட்டியல் போடுவது

பார்த்த பறவைகளின் பட்டியலை ஏற்றும் இடம் ஈபேர்ட் (eBird) என்ற இணையதளமும் செயலியும். அதில் கணக்கு இலவசம். செயலியை வீட்டிலேயே நிறுவி, தமிழ்நாட்டுக்கான பறவைத் தொகுப்பைப் பதிவிறக்கிக்கொண்டு வாருங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. தொகுப்பு கையில் இருந்தால் இணையம் இல்லாமலே பட்டியல் போடலாம். விடுதிக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம்.

பட்டியல் மூன்று வகை: நின்ற இடத்திலிருந்தே பார்த்தால் ஒரு வகை, நடந்துகொண்டே பார்த்தால் ஒரு வகை, வேறு வேலையாகப் போகும்போது கண்ணில் பட்டால் தற்செயல் வகை. நடைப் பட்டியலை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துப் புதிதாகத் தொடங்குங்கள். கோத்தகிரியில் தொடங்கி ஊட்டியில் முடித்த ஒரே பட்டியல் யாருக்கும் பயன்படாது. போன வழியே திரும்பினால் தூரத்தை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். எண்ணிக்கை தெரியவில்லை என்று பெருக்கல் குறி போடுவதைவிடக் கண்மதிப்பாக ஓர் எண் போடுவது மேல்.

கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா? காகம், மைனா உட்பட எல்லாவற்றையும் குறித்திருந்தால் மட்டும் ஆம் சொல்லுங்கள். இந்த 'ஆம்' இந்தப் பருவத்தில் மிகமிக முக்கியம். ஒரு பறவை வந்து சேர்ந்த நாளைக் கண்டுபிடிப்பது எளிது. பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். போன நாளை யாரும் பார்ப்பதில்லை. நேற்று இருந்த வாலாட்டி இன்று இல்லை என்பது, இன்றும் ஒருவர் அதே ஓடையில் நின்று முழுப் பட்டியல் போட்டு, அதில் வாலாட்டி இல்லாதிருந்தால்தான் தெரியும். பழுப்புக் கீச்சானைக் காணாத ஏப்ரல் 28-ம் தேதிப் பட்டியலும் ஒரு செய்திதான். ஆகவே உள்ளூரில் இருப்பவர்கள் வீட்டுப் பக்கத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, மே முதல் வாரம் வரை வாரம் ஒருமுறையாவது கால் மணி நேரம் நின்று பட்டியல் போடுங்கள். புதிதாக எதுவும் இல்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

தேதியைத் தவறாகப் போடுவது இங்கே பெரும் கேடு. மார்ச்சில் பார்த்ததை மே மாதத்தில் உட்கார்ந்து ஏற்றும்போது தேதிப் பெட்டியை மாற்ற மறந்தால், ஒரு பறவை மே வரை இருந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். அன்றன்றைய பட்டியலை அன்றன்றே அனுப்பிவிடுங்கள்.

8. கேள்வி வந்தால்

அந்த இடத்துக்கோ காலத்துக்கோ வழக்கத்துக்கு மாறான பறவையைப் போட்டால் செயலி விளக்கம் கேட்கும். பின்னர் தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் மின்னஞ்சலும் அனுப்பலாம். உங்களைச் சந்தேகிக்கிறார் என்று வருந்த வேண்டாம். அனுபவசாலிகளுக்கும் அதே கேள்வி போகிறது. விளக்கம் இப்படி இருக்கட்டும்:

"ஆண். தொண்டை முதல் விலா வரை செம்மஞ்சள், இரு ஓரமும் கறுப்புக் கோடு. வாலைச் சுண்டியபோது அடியில் வெள்ளை. சுமார் 15 மீட்டர் தூரம், இரண்டு நிமிடம், நல்ல வெளிச்சம். எட்டு மடங்கு பைனாகுலர். படம் இல்லை."

"நன்றாகப் பார்த்தேன், நிச்சயம் அதுதான்" என்று எழுதினால் அவருக்கு எதுவும் கிடைக்காது. உறுதியில்லை என்றால் 'ஏதோ ஒரு கதிர்க்குருவி' என்று போடவும் பட்டியலில் இடம் இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

9. எதை, எப்போது பகிர்வது

கூடு, ஆந்தை பகலில் அடையும் மரம் இரண்டின் இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் இடக்குறி போட்ட மறுநாள் காலையில் அந்த மரத்தடியில் கேமராக்களோடு ஆட்கள் நிற்பார்கள். மற்ற அரிய பறவைகளுக்கும், அங்கே நின்று பார்க்கச் சாலையில் இடம் இருக்கிறதா, நிலம் யாருடையது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். தோட்டத்துக்காரர் உங்களுக்குக் கொடுத்த அனுமதி ஊருக்கெல்லாம் கொடுத்த அனுமதி ஆகாது.

வீட்டிலிருந்து பட்டியல் போடுகிறவர்கள் இடத்தின் பெயரில் வீட்டு எண்ணையோ சொந்தப் பெயரையோ எழுத வேண்டாம். ஊர்ப் பெயர் போதும். குழுவாகப் பார்த்தால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவர்களோடு செயலியிலேயே பகிரலாம். ஆளுக்கொன்றாகப் போட்டால் ஒரே பறவை நான்காக எண்ணப்படும்.

மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுவதும் ஒரே நாளில் பறவைகளை எண்ணும் நாள் வழக்கமாக நடக்கிறது. அதற்குள் வலசைப் பறவைகள் அநேகமாக மலையை விட்டுப் போயிருக்கும். அன்றும் உங்கள் ஓடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். அடுத்த வாலாட்டி ஆகஸ்ட் பின்பாதியிலோ செப்டம்பரிலோதான் வரும்; அது வந்த அன்றே பட்டியலை மறுபடி தொடங்கிவிடுங்கள்.